குறட்டைக்கும் குறட்டைக்கும் நடுவே

மூன்யாங் மாவட்டத்தில் பூண்டு விளையும், பூண்டைப் பற்றிய பேச்சும் விளையும். அங்கே ஒரு ரைஃபிள் அணி இருந்தது. அது இருப்பது பலருக்குத் தெரியாது. மாவட்ட அலுவலகச் சம்பளத்தில் நான்கு பெண்கள் தினமும் கட்டைபோல் நின்று, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் கடுகளவு புள்ளியைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் நாம் ஹேரான். வயது முப்பத்தாறு. கணவன் கோழி வறுவல் கடை வைத்திருந்தான். ஒரே மகள் போமி.

அந்த ஆண்டு ஆசியச் சாம்பியன்ஷிப் சொந்த நாட்டிலேயே நடந்தது. ஹேரான் தேர்வானாள். அதுவரை அணியைக் கலைத்துவிட்டு, அதற்கு ஆகும் செலவில் மூன்று மாடி உயரப் பூண்டுச் சிலை எழுப்பலாம் என்று சொல்லிவந்த மாவட்டத் தலைவர் மா, மறுநாளே அவளைத் தன் அறைக்கு வரவழைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்.

"தங்கம்தானேம்மா?"

"முதல்ல தகுதிச் சுற்று இருக்கு, தலைவரே. அறுபது குண்டு. முதல் எட்டுப் பேருதான் இறுதிக்குப் போவாங்க."

"அதெல்லாம் நீ பாத்துக்கோ. பேனர்ல தங்கம்னே போடச் சொல்லிட்டேன்."

போட்டியன்று இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். தலையில் பூண்டுப் படம் போட்ட துணிப்பட்டை, கையில் பறையும் வெண்கலத் தட்டும். தலைவரின் செயலாளர் வாசலிலேயே அவர்களுக்குப் பாடம் எடுத்தான்: "உள்ள மூச்சு விடக் கூடாது. தலைவர் எழுந்தா நாம எழணும். அவர் கத்தினா நாம கத்தணும். அதுக்கு முன்னாடி இல்ல."

துப்பாக்கி சுடுதலைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். ஓட்டமில்லை, விழுதலில்லை. விறைத்த தோல் சட்டையும் தட்டைப் பூட்ஸுமாக வாத்துபோல் நடந்து வருகிற பெண்கள், ஓரிடத்தில் நின்று, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை 'டப்' என்று சத்தம் எழுப்புகிறார்கள். அவ்வளவுதான். இருபதாவது குண்டுக்குள் மூன்யாங் ஆட்களில் பாதிப் பேர் தங்கள் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். முன்வரிசையில், ஹேரானுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த தலைவர் இன்னும் ஒருபடி மேலே போனார். தூங்கிவிட்டார்.

குறட்டை மெல்லத்தான் ஆரம்பித்தது. பிறகு ஈரக்கட்டையை அறுக்கும் ரம்பம்போல் அரங்கம் முழுக்க ஏறி இறங்கியது. பக்கத்துத் தடத்திலிருந்த வெளிநாட்டுப் பெண் துப்பாக்கியை இறக்கித் திரும்பிப் பார்த்தாள். செயலாளருக்கு வியர்த்தது. எழுப்பினால் வேலை போகும், எழுப்பாவிட்டால் மானம் போகும். மானம் தன்னுடையதல்ல என்பதால் அவன் சும்மா இருந்தான்.

ஹேரானுக்கு இது புதிதல்ல. அவள் கணவன் போடும் குறட்டைக்குப் பக்கத்தில் பதினான்கு வருடம் படுத்தவள். குறட்டைக்கும் குறட்டைக்கும் நடுவே ஒரு சின்ன நிசப்தம் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். ரம்பம் ஓடும்போது குறிபார்த்தாள். அது நின்ற கணத்தில் விசையை அழுத்தினாள். ஒரு குண்டுக்கு உச்சம் 10.9. அவளுக்கு 10.6. 10.7. 10.5. இருபத்தைந்தாவது இடத்திலிருந்தவள் ஏழாவது இடத்துக்கு வந்தாள். பின்னால் நின்ற பயிற்சியாளர் கூ, வாழ்க்கையில் முதல்முறையாகத் தலைவரை நன்றியோடு பார்த்தார்.

ஐம்பத்தோராவது குண்டுக்கு அவள் விரல் விசையில் படியும்போதுதான் அரங்க நடுவர் ஒருவர் வந்து தலைவரின் தோளைத் தொட்டார். திடுக்கிட்டு விழித்த தலைவர், எல்லாம் முடிந்து தங்கமும் கிடைத்துவிட்டது என்று நினைத்து, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"மூன்யாங் வாழ்க!"

தலைவர் எழுந்தார், எண்பது பேர் எழுந்தார்கள். தலைவர் கத்தினார், எண்பது பேர் கத்தினார்கள். பறை முழங்கியது. ஹேரானின் தோள் குலுங்கியது. திரையில் 8.4.

அவள் துப்பாக்கியை இறக்கிவிட்டுக் கையை உயர்த்தினாள். சுடும் கணத்தில் இடையூறு நேர்ந்தால் முறையிடலாம். நியாயமென்று பட்டால் அந்தக் குண்டை நீக்கிவிட்டு மறுபடி சுட விடுவார்கள்.

கூ ஓடிவந்து கிசுகிசுத்தார். "யாருன்னு கேப்பாங்க, ஹேரான். பேரைச் சொல்லிடாதே. பொதுவா சத்தம்னு சொல்லு. நம்ம அணி அவர் கையிலதான் இருக்கு."

"ஐயா, எண்பது பேரு பூண்டுப் பட்டை கட்டிட்டு நிக்கிறாங்க. பொதுவான சத்தம்னா யாரு நம்புவாங்க?"

நடுவர் குறிப்பேட்டைத் திறந்தார். "இடையூறு செஞ்சது யாரு?"

"எங்க மாவட்டத் தலைவர்" என்றாள் ஹேரான், கணீரென்று. கூ கண்களை மூடிக்கொண்டார்.

பறையும் தட்டும் தலைவரும் வெளியே அனுப்பப்பட்டார்கள். 8.4 நீக்கப்பட்டது. அவள் நெஞ்சு படபடப்பு அடங்கும்வரை காத்திருந்து மறுபடி சுட்டாள். 10.6. மீதி ஒன்பதும் கைநழுவாமல் வந்தன. எட்டாவதாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தாள். அங்கே ஆறாவது இடம். இறுதிச் சுற்றில் ஆரவாரம் செய்யலாம். ஆனால் அவளுக்காக ஆரவாரிக்க வேண்டியவர்கள் வெளியே பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் கணவன் அழைத்தான். "போமி அம்மா, தலைவர் குறட்டை விட்டதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க, ஊரே அதைத்தான் பாக்குது. கடைல இன்னைக்கு உக்கார இடம் இல்ல."

"வேலை போயிடும்னு கூ ஐயா சொல்றாரு."

"போனா போகட்டும். கோழி வெட்ட எனக்கும் ஆள் வேணும்."

குறட்டை வீடியோ நாடு முழுக்கப் பரவியது. வீராங்கனைகளுக்கு அமைதியான சூழலை உருவாக்கத் தலைவர் கண்மூடித் தியானம் செய்தார் என்று மாவட்ட அலுவலகம் அறிக்கை விட்டது. அதன்பின் இன்னும் அதிகம் பேர் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் அணியைக் கலைக்கும் தீர்மானம் மாவட்ட மன்றத்துக்கு வந்தது. பூண்டு விவசாயியான உறுப்பினர் பாங் எழுந்தார்.

"நாலு வருஷமா நாங்க எத்தனையோ மனு குடுத்துப் பாத்தோம், தலைவர் முழிக்கல. ஒரு பொண்ணு போட்டிக்குப் போனா, முழிச்சுட்டாரு. அந்தப் பொண்ணைப் போயி வீட்டுக்கு அனுப்பறதா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தேர்தலுக்கு ஏழு மாதம் இருந்தது. பழிவாங்கிவிட்டார் என்று பேச்சு கிளம்பினால் அந்தச் சிரிப்பு ஓட்டுப்பெட்டிவரை வரும் என்று கணக்குப் போட்ட தலைவர், தாமே எழுந்து தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார். அணி தமக்கு உயிர் என்றும் சொன்னார்.

ஹேரான் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். பதினோராவது பக்கத்தில் ஒரு புதிய விதி சேர்த்திருந்தார்கள்: போட்டி நேரத்தில் வீராங்கனைகள் மாவட்டப் பிரமுகர்களின் பெயரைக் குறிப்பிடக் கூடாது. அதை இரண்டுமுறை படித்தாள்.

"பதவியைச் சொல்லலாமில்ல?" என்று எழுத்தரிடம் கேட்டாள்.

எழுத்தர் விதியை மறுபடி படித்தார். பதவியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.