ஒரு சுத்து வரட்டும்

சடையன் முதல் சுற்றில் எதையும் எடுப்பதில்லை. வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சோறு அவர் முன்னால் வந்து நகரும். கண்ணால் கொஞ்ச தூரம் அதை வழியனுப்பிவிட்டு, தோள் துண்டில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். அந்தத் தட்டு கோடி வளைவில் திரும்பி, எதிர் வரிசைக்காரர்களைத் தாண்டி, சமையலறைச் சுவரில் உள்ள பொந்துக்குள் நுழைந்து, மறுபடி அவருடைய வலப்பக்கம் தலைகாட்டும்போதுதான் கை நீளும்.

"போர் மோட்டார் போட்ட ஒடனே வர்ற தண்ணிய யாராச்சும் குடிப்பாங்களா சார்? கலங்கல் போவட்டும். ஒரு சுத்து வரட்டும்" என்பார்.

சமையலறையை ஒட்டிய முதல் நாற்காலி அவருடையது. வெளியே வரும் ஒவ்வொரு தட்டும் முதலில் அவரைத்தான் பார்க்கும். இவ்வளவு வசதியான இடத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் போகவிடும் மனிதருக்குப் பக்கத்து நாற்காலியை நான் பிடித்ததற்குக் காரணம் நட்பு அல்ல. அவர் விட்டது எனக்கு வரும் என்ற கணக்குதான்.

கடை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது. நடத்துபவர் மாறன். ஜப்பானில், ஒசாகாவில் எட்டு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இருபது நாற்காலி, நடுவில் ஓடும் ஒரு பெல்ட். அதன்மேல் சின்னச் சின்னத் தட்டுகளில் சூஷி என்ற ஜப்பானியச் சோற்றுப் பண்டம் வரும். பிடித்ததை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் தட்டை எண்ணிக் கொடுக்க வேண்டியதுதான். சோறு வெதுவெதுப்பாக, புளிப்பு நாக்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். சுற்றியிருக்கும் கடற்பாசித் தாள் அப்பளம்போல் நொறுங்கும். புதன்கிழமை காலையில் புதுச்சேரியிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வந்துவிடும். பௌர்ணமி அன்று மட்டும் பெல்ட்டில் மீன் ஏறாது. இத்தனை சுத்தமாகச் செய்துவிட்டு, இரண்டு மசால் தோசை விலையில் வயிற்றை நிரப்பி அனுப்புகிறாரே, இந்த மனிதருக்குப் பிழைக்கத் தெரியவில்லையே என்று நான் கவலைப்பட்டதுண்டு. கவலைப்பட்டபடியே ஏழாவது தட்டை எடுத்ததும் உண்டு.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையும் கௌரவமானதல்ல. டாக்டர் எனக்குச் சோற்றைக் குறைக்கச் சொன்னார். வேங்கிக்காலில் என் வீட்டில் சோற்றைக் குறைத்தேன். இங்கே வந்து சுருட்டிய சோற்றைக் கூட்டினேன். பத்திரிகையில் எழுதுகிறவன், உணவு ஆராய்ச்சி செய்கிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

சடையனுக்கு ஊர் அடி அண்ணாமலை. வயது ஐம்பத்துமூன்று. ஒன்றரை ஏக்கர் நிலமும் போர் மோட்டார் ரிப்பேர் தொழிலும். காக்கிச் சட்டைப் பையில் டெஸ்டர் எப்போதும் குத்தி நிற்கும். கடைக்குள் நுழைந்ததும் கை கழுவப் போவார், சோப்புப் போட்டு இரண்டு தடவை. நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ் மட்டும் போகாது. அதனால் யாராவது பார்த்தால் விரல்களை உள்பக்கமாக மடித்துக்கொள்வார். புதன்கிழமை மதியம் மூன்று மணி, அவருடைய வேளை.

முதல் நாள் அவர் உட்காரவே இல்லையாம். வாசலில் நின்று பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். என்ன என்று மாறன் கேட்டதற்கு, "இன்னாங்க இது, எதிர்ச்சுத்தா சுத்துது?" என்றாராம். பட்டறைக்காரன் மாட்டிக் கொடுத்தபடி அது, உட்கார்ந்திருப்பவருக்கு இடமிருந்து வலமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மலையை நாம் எப்படிச் சுற்றுகிறோம்? நடுவில் இருப்பது நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இந்த ஊரில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் ஒசாகா போய் வந்தவருக்கு உறைக்கவில்லை. சடையன் டெஸ்டரை எடுத்து, கீழே இருந்த பெட்டியைத் திறந்து, மோட்டாரில் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தார். பெல்ட் பிரதட்சிணமாகத் திரும்பியது. அதன் பிறகுதான் உள்ளூர் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள் என்பது மாறனின் நம்பிக்கை.

இது தெரியாமல் நான், பெல்ட் வலமாகச் சுற்றுவது ஜப்பானியரின் ஆயிரம் வருஷத்து மரபு என்று இரண்டு வெளிநாட்டுக்காரர்களிடம் கால் மணி நேரம் விளக்கியிருக்கிறேன். அவர்கள் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். சடையன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறார்.

அவருக்கும் வகுப்பு எடுத்தேன். முந்தின நாள் இரவு போனில் பார்த்து நானே கற்றுக்கொண்ட வித்தைதான். குச்சியை இப்படிப் பிடிக்க வேண்டும், சாஸில் சோற்றுப் பக்கத்தை முக்கக் கூடாது, ஒரே வாயில் போட வேண்டும். "சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். செயல்முறை விளக்கமாக, தட்டோரத்தில் இருந்த பச்சை உருண்டையைப் புதினாத் துவையல் என்று நினைத்து முழுசாக வாயில் போட்டேன். வசாபி என்ற அந்த ஜப்பான் காரம் மூக்கு வழியாக மண்டைக்குள் ஏறியது. கண்ணீர் பொங்கி வழிந்தது. சடையன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, எதிர்ப்புறம் திரும்பிக்கொண்டார். நான் அழுது முடிக்கும்வரை திரும்பவில்லை. எனக்குத் தெரிந்து இதுவரை யாரும் என்னிடம் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை.

அவர் சாப்பிடுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. வாரத்துக்கு ஒரு புது வகை, அதற்கு மேல் கிடையாது. அதையும் இரண்டு பாகமாகச் சாப்பிடுவார். முதல் பாதியை அப்படியே. இரண்டாவது பாதியை, மடியிலிருந்து எடுக்கும் சின்ன எவர்சில்வர் டப்பாவில் உள்ள எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு. பிறகு தீர்ப்பு. வெள்ளரிக்காய்க்கு, "தேவல." அவித்த முட்டைக்கு, "இது ஓடிடும்." இனிப்பான சோயாத் தோலுக்குள் சோற்றைத் திணித்த ஒன்றுக்கு, "ஊறுகா இருந்தா ஓடிடும்." புளித்த சோயாபீன்ஸுக்கு மட்டும் முகம் கோணி, "ஆவாது சார். இது ஆவவே ஆவாது." தீர்ப்பு சொன்னதும் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்: "இத்தயே மூணு வேளையும் துன்ன முடியுமா சார்?"

எனக்கு இது பெரிய தமாஷாகப் பட்டது. ஊறுகாய் டப்பாவோடு ஜப்பானைப் பரீட்சை பண்ணும் மோட்டார் மெக்கானிக்! பத்திரிகைக்கு ஒரு சித்திரம் கிடைத்துவிட்டது என்று நகைச்சுவையாக அரைப் பக்கம் எழுதியும் விட்டேன். ஆறாவது புதன்கிழமை, இன்னும் நாலு வேடிக்கை வார்த்தை அவர் வாயிலிருந்து வராதா என்று, இப்படியே போனால் நீங்கள் ஜப்பானுக்கே போய்விடலாம் போலிருக்கிறதே என்று சீண்டினேன்.

அவர் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

"நான் இல்ல சார். எம் பொண்ணு."

மகள் சிந்துஜா நர்சிங் படித்தவள். சென்னையில் தங்கி ஒரு வருஷம் ஜப்பானிய மொழி கற்று, பரீட்சையிலும் தேறிவிட்டாள். பனி கொட்டும் ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் வேலை. எல்லாம் முடிந்து, விசாவுக்குப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாஸ்போர்ட் சடையனின் டூல்ஸ் பெட்டியில், பூட்டுக்குள் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்தவர், திருப்பிக் கொடுக்கவில்லை. அங்கே என்ன சாப்பிடுவாய் என்று மகளைக் கேட்டிருக்கிறார். அவள் சொன்ன எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. நானே துன்னு பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். மகளும் சண்டை போடவில்லை. அப்பா வாயால் சரி என்று சொல்லாமல் போவதில்லை என்று சொல்லிவிட்டாளாம். வீட்டில் அவர் மனைவி தங்கம்மாள் மட்டும் ஒவ்வொரு புதன்கிழமையும், இன்றைக்கு என்ன சாக்கு என்று கேட்டு டப்பாவில் ஊறுகாய் வைத்து அனுப்புகிறாள்.

"காய்ச்சலு வந்தா கஞ்சி வெச்சிக் குடுக்க ஆளு வேணும் இல்லீங்களா?" என்றார் சடையன். "அவளே நர்சு. நர்சுக்கு யாரு சார் நர்சு?"

என் மகன் இனியன் புனேயில் இருக்கிறான். போன நான்கு வருஷத்தில், சம்பளம் ஏறியதா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போய் அந்த அரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். இனியனுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவன் பயந்துபோய், அம்மாவுக்கு என்ன ஆச்சு என்றான்.

பெல்ட்டில் வரும் வகைகள் எல்லையற்றவை அல்ல. ஒன்பதாவது வாரத்தில் பாக்கி இருந்தது பச்சை மீன் மட்டும். அதைத்தான் அவர் தள்ளிக்கொண்டே வந்தார். அதற்கு மேல் தள்ள இடமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும் என்று ஆள் எடுக்கும் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை சிந்துஜாவும் வந்திருந்தாள். முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலம் முடித்த கூட்டம் ஊரைவிட்டுக் கலையாத நேரம், கடை நிரம்பியிருந்தது. சேர்ந்தாற்போல் இடம் இல்லாததால் அவள் எதிர் வரிசையில், பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் அப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நான் எழுந்து இடம் கொடுத்திருக்கலாம். அந்த யோசனை எனக்கு வந்தது, மூன்றாவது தட்டில் கை வைத்திருந்தபோது. அதற்குள் சடையன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார்.

மீன் வந்தது. இரண்டு சோற்றுருண்டைகள், ஒவ்வொன்றின் மேலும் சிவப்பாக ஒரு துண்டு சூரை மீன். ஒரு சுற்று விட்டார். இரண்டாவது சுற்றும் விட்டார். மூன்றாவது தடவை எடுத்தார். இரண்டு உருண்டைகளில் ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றார். மற்றதற்கு ஊறுகாய் டப்பாவைத் திறப்பார் என்று பார்த்தேன். திறக்கவில்லை. அதையும் அப்படியே சாப்பிட்டார். எதிரே மகள் தன் தட்டில் எதையும் தொடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் குடித்தார். "ஓடிடும் சார்" என்று என்னிடம் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி, துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பச்சை உருண்டையின் காரம் என்று நான் எழுதிவிடலாம். ஆனால் அவர் அதைத் தொடவே இல்லை.

பிறகு காக்கிச் சட்டையின் உள்பையில் கைவிட்டு, ரேஷன் கார்டு உறைக்குள் போட்டிருந்த பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தார். காலித் தட்டு ஒன்றைத் துண்டால் சுத்தமாகத் துடைத்து, அதன்மேல் பாஸ்போர்ட்டை வைத்து, தட்டைப் பெல்ட்டில் வைத்தார்.

அது முதலில் என்னிடம்தான் வந்தது. எந்தத் தட்டையும் விட்டுவைக்காத என் கை, அன்று முதல் தடவையாக மடியிலேயே இருந்தது. கோடி வளைவில் திரும்பி, எதிர் வரிசையில் மூன்று பேரைத் தாண்டி, சிந்துஜாவிடம் போனது. அவள் பார்த்தாள். கை எழுந்தது. பிறகு இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு அதைப் போகவிட்டாள்.

"ஒரு சுத்து வரட்டும்பா" என்றாள்.

தட்டு சமையலறைப் பொந்துக்குள் நுழைந்தது. உள்ளே மாறன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் அது வெளிவந்தபோது முதலில் பார்த்தது சடையனைத்தான். கை நீட்டினால் எட்டும் தூரம். அவர் வழக்கப்படி இது எடுக்க வேண்டிய சுற்று.

சடையன் கை நீட்டினார். ஓரத்துக்கு நகர்ந்திருந்த தட்டை, கிரீஸ் படிந்த ஒற்றை விரலால் பெல்ட்டின் நடுவுக்குத் தள்ளிவிட்டார்.