தறி நின்ற நேரம்

சாந்தியக்கா, அவளுடைய அப்பா, பாயில் நாங்கள் மூன்று பிள்ளைகள். சின்ன வயதில் நான் படித்த டியூஷன் வீட்டில் அன்று இருந்தது இவ்வளவு பேர்தான். என் மகள் ஆன்லைனில் கணக்கு வகுப்பு எடுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "தறிய நிறுத்துப்பா" என்றதும் இன்றைக்கும் அவர்கள்தான் கண்முன் வந்தார்கள்.

எங்களுக்காக அக்காவின் அப்பா சாயங்காலம் ஒரு மணி நேரம் தறியை நிறுத்திவைப்பார். அந்த அமைதியில் வாய்ப்பாடு ஒப்பித்தால் என் தப்பெல்லாம் அக்கா காதில் விழும். தறி ஓடினால் முணுமுணுத்தே தப்பித்துவிடலாம். அன்று தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய், "அக்கா தறிய ஓட்டச் சொன்னாங்க தாத்தா" என்றேன். அவரும் நம்பி நெய்ய ஆரம்பித்தார்.

"பசங்க படிச்சிக்கினு இருக்கிறது தெரியலியா? உனக்கு அறிவே கெடையாதாப்பா?" என்று அக்கா எங்கள் முன்னாலேயே திட்டினாள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"மறந்துட்டேம்மா" என்றார்.

மறுநாளிலிருந்து நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அந்த வருடமே என் பள்ளிப் படிப்பும் நின்றுபோனது. அவர் சாகும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

வகுப்புக்கு நடுவில் மகள் ஹெட்போனைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பினாள். "ஏம்பா, தறிச் சத்தத்துல கேள்வியே காதுல விழலன்னு ஒரு பையன் சொல்றான். இன்னும் நிறுத்தலியா?"

தறி நின்று கால் மணி நேரமாகியிருந்தது.

"மறந்துட்டேம்மா" என்றேன்.