பெயர் போகாத தந்தி

போர்க்காலத்தில் தீவிலிருந்த எங்கள் தந்தி ஆபீசுக்கு ஒரு உத்தரவு வந்தது. பொதுஜனங்கள் கொடுக்கும் எந்தத் தந்தியையும் பாதுகாப்பு அதிகாரி படித்து முத்திரை குத்திய பிறகுதான் வயர்லெஸ்ஸில் மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். ஆகாததைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பிவிடுவார். ஏன் என்று சொல்ல மாட்டார். காரணத்தைச் சொன்னால் எதை மறைக்கிறோம் என்பது வெளியே தெரிந்துவிடுமாம். இதை எழுதிய மகானுபாவன் தன் வாழ்நாளில் ஒரு அவசரத் தந்தியும் கொடுத்திருக்க மாட்டான் என்று எனக்கு முதல் நாளே எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் ஹேடோ ஜெட்டியில் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் வேலையிலிருந்த ஒருவர் என் ஜன்னலுக்கு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். குவார்ட்டர்ஸில் எனக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். மனைவி இல்லை. ஒரே மகள், பத்து வயதுக்காரி, காலில் எலும்பு சீழ்பிடித்து மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். துணைக்கு அத்தை இருந்தாள். அத்தை கொடுத்த தந்தியை வாங்கி எழுதியவன் நான்தான். காலை எடுக்காவிட்டால் பிள்ளை பிழைக்காது, தகப்பன் சம்மதத்தைத் தந்தியில் உடனே அனுப்பவும் என்று இருந்தது.

படித்துச் சொன்னதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. காலு போனா போவுது. எம் புள்ள இருந்தாப் போதும்."

மகள் பெயரைப் போட்டு, காலை எடுக்கச் சம்மதம் என்று தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி உள்ளே கொடுத்தேன். சிவப்புக் கோட்டோடு திரும்பியது. சங்கேத மொழி என்று நினைத்துவிட்டார்களோ என்று முழுக்க இங்கிலீஷில் மாற்றினேன். திரும்பியது. முகவரியில் ஜெட்டி என்று இருப்பது உறுத்துகிறதோ என்று அதை எடுத்தேன். திரும்பியது. வெட்டுவது என்பதை எடுத்துவிட்டு ஆபரேஷன் என்று போட்டேன். அதுவும் வந்த வழியே வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் வெளியே நின்று என் முகத்தையே பார்ப்பார். நான் குனிந்துகொள்வேன்.

அதிகாரியிடமே போய் நின்றேன். வடக்கத்திக்காரர், கெட்ட மனிதர் இல்லை. "வஜஹ் பதானா மனா ஹை" என்றார். காரணம் சொல்லக் கூடாதாம்.

மறுநாள் துறைமுகத்தில் சங்கு ஊதியது. எங்கள் பியூன் வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, வந்திருக்கும் மெயின்லேண்ட் கப்பலின் பெயரைச் சொல்லிக் கத்தினான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அந்தப் பெண்ணின் பெயர்.

பெற்றோர் தீவுக்குக் குடியேற வந்தபோது நடுக்கடலில் பிறந்தவள் அவள். கப்பல்காரர்கள் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். அதில் மனம் குளிர்ந்துபோன தகப்பன், கப்பலின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார். கப்பலுக்கும் பெண் பெயர்தான், பொருத்தமாகவே இருந்தது. அது ஒருநாள் தந்தியில் போகக் கூடாத பெயராகும் என்று யார் கண்டது?

"சாப், ஜஹாஸ் நஹீ, லட்கி ஹை" என்று அதிகாரியிடம் மன்றாடினேன். கப்பல் இல்லை ஐயா, பெண் குழந்தை. அவர் நம்பினார். ஆனால் தடை செய்த கப்பல் பெயர்களில் அதுவும் இருக்கிறதே, நான் என்ன செய்ய என்றார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கவும் செய்தார். விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

பெயரில்லாமல், என் மகளுக்கு என்று மட்டும் போட்டு அனுப்பினேன். போயிற்று. எந்த நோயாளி என்று சொல்லாத சம்மதம் செல்லாது என்கிறார்கள் என்று அத்தை பதில் கொடுத்தாள். கோயிலில் வைத்த ஞானஸ்நானப் பெயரைப் போட்டோம். அதுவும் ஜோராகப் போயிற்று. அந்தப் பெயரில் யாரும் இங்கே இல்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அத்தை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லித்தான் சேர்த்திருந்தாள். கடைசியில், பெயரை இரண்டாக உடைத்து நடுவில் ஒரு சொல்லைச் செருகிக் கொடுத்தேன். அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்னொரு தரம் இப்படிச் செய்தால் உன் வேலை போய்விடும் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சங்கேதமே இல்லாத தந்தியை நானே சங்கேதமாக்கிவிட்டேன்.

அன்று கருவியின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். விரலைத் தட்டினால் மெட்ராஸில் கேட்கும். ஒரு குழந்தையின் பெயரை மட்டும் தட்ட வழியில்லை.

"விடுங்க அண்ணாச்சி, நானே போறேன்" என்று அவர் அந்தக் கப்பலிலேயே ஏறினார். வேறு கப்பல் இல்லை. அவர் வருகிறார் என்று அத்தைக்குத் தந்தி கொடுக்கவும் முடியவில்லை. கப்பல் கிளம்பியதையும் வெளியே சொல்லக் கூடாது.

அவர் போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போட்டார். பிள்ளை பிழைத்தாள். ஆனால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருக்க வேண்டியதை, சீழ் மேலே ஏறிவிட்டதால் தொடையில் எடுத்தார்கள்.

போர் முடிந்து சில மாதங்கள் கழித்து, அதே கப்பலில் திரும்பி வந்தார்கள். நான் ஹேடோவுக்குப் போயிருந்தேன். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்கி வந்தார். பாவாடையின் ஒரு பக்கம் காற்றில் ஆடியது.

அவர் திரும்பி நின்று கப்பலின் முகப்பைக் காட்டினார். பெயர் வெள்ளைப் பெயிண்டில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில் நிற்பவனும் படிக்கலாம்.

"நான் ஏறிப் போன அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு அண்ணாச்சி" என்றார்.

அவர் தோளில் இருந்தபடியே அந்தப் பெண், தன் பெயரின் இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.