சந்தனம் பூசிய டிஸ்க்

இராசமலர் ரீச்சரை எனக்குத் தொடக்கத்தில் பிடிக்காது. யாழ்ப்பாணம் டவுனில் சோமசேகரம் நடத்திய ரியூட்டரியில் நான் தாவரவியல் படிப்பித்தேன். என்னுடைய பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசையில் நின்று மைக்ரோஸ்கோப் பார்க்க, விசிறி பூட்டின ஒரே நல்ல அறை அவருடைய கம்பியூட்டருக்குப் போயிருந்தது. ஒரு பெட்டிக்கு விசிறி! எனக்கு எரியாதா?

அவருக்கு ஊர் தெல்லிப்பழை. கொழும்பில் ஒரு கந்தோரில் கம்பியூட்டர் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கட்டின சேலையோடு கப்பலேறி, காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். திரும்பிப் போக மனமில்லை, இங்கே அந்த வேலைக்கு இடமுமில்லை. இரண்டு வருசம் வீட்டில் மிளகாய்க் கண்டுகளுக்குத் தண்ணீர் கட்டினார். பிறகு லண்டனில் இருந்து யாரோ சொந்தக்காரர் சோமசேகரத்துக்கு ஒரு பழைய கம்பியூட்டரை அனுப்பிவைக்க, அதை இயக்கத் தெரிந்த ஆளைத் தேடி அவரிடம் போனார்கள். கைவிட்டுப் போன வேலை திரும்பி வந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு நவராத்திரிக்குப் புத்தகங்களைப் பூசையில் வைத்தபோது சோமசேகரம் ஒரு படி மேலே போனார். ரீச்சரின் படிப்பு முழுக்க டிஸ்க்கில்தானே இருக்கிறது என்று, அவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் தாராளமாய்ப் பூசிவிட்டார். டிஸ்க்கின் உறையில் ஒரு திறப்பு இருக்கும். பெட்டி, உள்ளே இருக்கும் தட்டை அதற்குள்ளால்தான் வாசிக்கும். பொட்டு வைக்க வாய்ப்பான இடமென்று மனுசன் அங்கேதான் வைத்திருந்தார். விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துப் பெட்டியின் வாய்க்குள் ஒன்றைத் தள்ளியதும் அவரேதான். கர்ரென்று ஒரு சத்தம். டிஸ்க்கும் போச்சு, பெட்டியின் வாயும் போச்சு.

"சரஸ்வதிக்கு வைச்சது எப்பிடிப் பிள்ளை பழுதாகும்?" என்று ரீச்சரிடமே கேட்டார்.

ரீச்சர் பஞ்சை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு பெற்றோர் கூட்டம். "தாய் தேப்பன் வாற நேரம் உது ஏதாவது செய்து காட்டவேணும். இல்லாட்டி வகுப்பை நிப்பாட்டிப்போட்டு அறையைப் பஞ்சலிங்கத்திட்டைக் குடுப்பம்," என்று சோமசேகரம் சொல்லிவிட்டார். பஞ்சலிங்கம் நான்தான். அன்று பின்னேரமே அளவுநாடாவோடு அறைக்குப் போனேன்.

ரீச்சர் பெட்டிக்கு முன்னால் இருந்து ஏதோ அடித்துக்கொண்டிருந்தார்.

"டிஸ்க் இல்லாமல் உது என்னத்தை வாசிக்கும்?" என்றேன்.

"நான் எழுதிற புரோகிராமிலை வாசிக்கிற பகுதிக்கு டிஸ்க்கைத் தெரியாது மாஸ்டர். அடுத்த எழுத்தைத் தா எண்டு மட்டும்தான் அது கேக்கும். எழுத்து டிஸ்க்கிலையிருந்து வந்தாலும் ஒண்டுதான், பெட்டியின்ரை நினைவிலையிருந்து வந்தாலும் ஒண்டுதான்."

காட்டினார். ஒரு வசனத்தை முழுதாகப் பெட்டியின் நினைவில் வைத்துவிடுவது. அதன் முதல் எழுத்தில் விரலை வைப்பதுபோல் ஒரு குறி. கேட்கக் கேட்க, குறி இருக்கும் எழுத்தைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகரும். எழுத்துத் தீர்ந்தால் முடிந்தது என்று சொல்லும். வாசிக்கிற பகுதி எழுத்துகளைச் சேர்த்து வைப்பதில்லை. இடைவெளியைக் கவனித்து, சொற்களை எண்ணிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

"கரண்ட் நிண்டால்?"

"எல்லாம் அழிஞ்சுபோம். திரும்ப முதலிலையிருந்து அடிக்கவேணும்." கையை நிறுத்தாமலே பேசினார். "கொழும்பிலையிருந்து ஒண்டும் கொண்டரேல்லை மாஸ்டர். தெரிஞ்ச வேலை இது ஒண்டுதான். இதுவும் போனால் நான் மிளகாய்த் தோட்டத்துக்குத்தான்."

அழுதிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும், இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு அறையை அளந்திருப்பேன். அவர் அழவில்லை. அளவுநாடாவைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிறு காலை அறை கொள்ளாத சனம். ரீச்சர் கடைசி வரியை அடித்து நிமிர்ந்தார். மேலே விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. திரை கறுத்துவிட்டது. கரண்ட் போய்விட்டது. சோமசேகரம் எழும்பித் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் இருங்கோ சேர்," என்றார் ரீச்சர். பிறகு, அறைக்கு ஆசைப்பட்டவன் நான் என்று தெரிந்தும், என்னைத்தான் கூப்பிட்டார். "பஞ்சலிங்கம் மாஸ்டர், ஒரு வசனத்தை மனசிலை வையுங்கோ. நான் கேக்கக் கேக்க ஒவ்வொரு எழுத்தாத் தாங்கோ. இடைவெளி வந்தால் இடைவெளி எண்டு சொல்லுங்கோ. நீங்கள்தான் நினைவு. நான் வாசிக்கிற பகுதி."

பூரணம் என்ற மாணவியிடம் வெண்கட்டியைக் கொடுத்து, கேட்பதைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார். தான் பலகைக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடுத்தது?"

"இ."

"அடுத்தது?"

"ந்."

இப்படியே போனது. ஒவ்வோர் இடைவெளிக்கும் அவர் ஒரு விரலை மடக்கினார். வேறெதையும் அவர் பிடித்து வைக்கவில்லை. மூன்றாவது சொல் பலகையில் ஏற ஏறச் சனத்துக்கு விளங்கத் தொடங்கியது. முன்வரிசையில் ஒரு தாய் சிரித்தார். சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை முறைத்தார். நான் விடவில்லை.

"அடுத்தது?"

"முடிஞ்சுது," என்றேன்.

"நாலு சொல்," என்று நாலாவது விரலையும் மடக்கி ரீச்சர் கண்ணைத் திறந்தார்.

அறை முழுக்கக் கைதட்டியது. சோமசேகரமும் தட்டினார். அத்தனை தாய் தேப்பனுக்கு முன்னால் வேறென்ன செய்வார்? "சரி, அப்பிடியே இருக்கட்டும்," என்றும் சொன்னார். ரீச்சருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சொல் எண்ணினதற்கு இவ்வளவு கைதட்டலா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"பலகையைப் பாருங்கோ," என்றேன்.

திரும்பினார். 'இந்த அறை ரீச்சருக்கே இருக்கட்டும்' என்று பூரணம் கோணல்மாணலாய் எழுதியிருந்தாள். ரீச்சர் முதல் எழுத்தில் விரலை வைத்து, ஒவ்வொன்றாய்த் தொட்டுத் தொட்டுக் கடைசி வரை போனார். கரண்ட் திரும்பி வரும்வரை எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.