சட்டைக்கு வெளியே ஒரு சிலுவை

டிராம் கண்டக்டரின் உத்தியோகத்தில் கைக்கும் வாய்க்கும் ஓய்வில்லை. போதாக்குறைக்கு ஊரிலுள்ள எல்லா மதத்தாரும் நாள் முழுக்க நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பினாங்கில் ஜெட்டிப் படகுத்துறைக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் நடுவே ஓடிய வண்டியில் நான் சில வருஷம் மணியடித்தேன். விசுவாசத்தை ஒளித்துவைக்கக் கூடாது என்று கோவிலில் பிரசங்கம் கேட்டு, வேலைக்குச் சேர்ந்த வாரமே ஒரு மரச்சிலுவையைக் காக்கிச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டேன்.

கடையிலும் ஆஸ்பத்திரியிலும் ஆபீஸ் கந்தோரிலும் பொதுஜனத்தோடு மல்லுக்கட்டும் சக கிறிஸ்தவர்களே, எவ்வளவு காட்டுவது, எவ்வளவு அடக்குவது என்று நீங்களும் திண்டாடியிருப்பீர்கள். நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

டிக்கெட்டோடு ஒரு கைப்பிரதி

முதலில் எனக்கு வந்தது கைப்பிரதிப் பைத்தியம். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது வேதவசனம் அச்சடித்த தாள் ஒன்றையும் சேர்த்துத் திணித்துவிடுவேன். வாங்கியவர்கள் சிரித்தார்கள். வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆஹா, அறுவடை கனிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சூலியா தெருவில் கயிற்றுக்கடை வைத்திருந்த மரைக்காயர் ஒருவர் தினம் என் வண்டியில் வருவார். ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் மட்டும் குனிந்து, பெஞ்சுகளுக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஏதோ தவறவிட்டுவிட்டார் என்று நானும் உதவப் போனேன். அவர் கையில் என் தாள்கள். எச்சில் பட்டவை, வெற்றிலைச் சாறு பட்டவை, மிதிபட்டுக் கிழிந்தவை. ஒவ்வொன்றையும் வேட்டி முனையால் துடைத்து அடுக்கினார். கடைசித் தாளுக்கு என் காலைக் காட்டினார். என் பூட்ஸுக்கு அடியில், என் ஆண்டவர் பெயரின் மேல் நான் நின்றுகொண்டிருந்தேன்! சட்டென்று காலை எடுத்தேன். அவர் தாள்கட்டை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஆண்டவன் பேரு போட்ட காயிதம் தம்பி, மிதிபடுற இடத்துல கொடுக்காதீங்க."

முதலில் குதித்தவன்

தாளை விட்டேன், வாயை விடவில்லை. ஆயர் ஈத்தாம் மலைக்கோவிலுக்குப் போகிற ஒரு சீன அம்மா, மடியில் ஊதுபத்திக் கட்டோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த சந்தை மலாய் பாஷையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இந்தப் புகையால் ஒன்றும் ஆகாது, என் கர்த்தர் இந்த வண்டியையே உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார், எனக்குப் பயமென்பதே கிடையாது என்றெல்லாம் அளந்தேன். அந்த அம்மா பொறுமையாகத் தலையாட்டினார்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. வளைவில் ஒரு மாட்டுவண்டி தண்டவாளத்தின் குறுக்கே வந்துவிட்டது. டிரைவர் பிரேக்கைப் பிடித்த பிடியில் இரும்பு அலறியது. சக்கரத்தில் பொறி பறந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, நான் ரோட்டோரப் புல்லில் விழுந்துகிடந்ததுதான். ஆம், நான் குதித்துவிட்டேன். நாற்பது ஜனங்களையும் உள்ளே விட்டுவிட்டு, கண்டக்டர் ஒருவன் மட்டும்! வண்டி மாட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த அம்மா இறங்கி வந்து என்னைக் கைதூக்கி எழுப்பினார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். கேலியே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரி கேட்டார்: "உன் சாமிதான் குதிக்கச் சொல்லுச்சா?"

அன்று சாயந்திரமே சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

பின்னால் போய் நின்றவர்

உள்ளே போட்டால் நிம்மதி என்று நினைத்தேன். அதிலும் மண் விழுந்தது. எங்கள் கோவிலுக்கு வருகிற, கந்தோர் குமாஸ்தாவான ஒரு கிராணியார், கோட்டும் தங்கச் சங்கிலிக் கடிகாரமுமாக என் வண்டியில் ஏறுவார். கையில் பெரிய வேதாகமம் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ஒருநாள் அவர் பக்கத்தில், தெருக் கூட்டி முடித்து வந்த சாமுவேல் உட்கார்ந்தார். அவரும் எங்கள் கோவில்தான். "ஸ்தோத்திரம் ஐயா" என்று கும்பிட்டார்.

கிராணியார் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். "கண்டக்டர், இந்த ஆளைப் பின்னால நிக்கச் சொல்லுப்பா. நாத்தம் தாங்கலை." வண்டியே என்னைப் பார்த்தது. சாமுவேலும் டிக்கெட் வாங்கியவர்தான். அதைச் சொல்ல வேண்டியது என் கடமை. நான் சொன்னது வேறு. "பின்னால போய் நில்லப்பா" என்றேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று இன்றைக்கும் எனக்குத் திகைப்பு. சாமுவேல் எழுந்து பின்னால் போய் நின்றார். இறங்கும்போது படியில் நின்று என்னிடம் கேட்டார்: "போன ஞாயிறு கோவில் திருவிருந்துல நான் குடிச்ச பாத்திரத்திலதானே அண்ணே நீங்களும் குடிச்சீங்க?"

நம்பிப் போனவன்

மறுநாள் சிலுவை வெளியே வந்தது. இந்தத் தடவை யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. எனக்கே அது கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது. சாமுவேலை வீட்டில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார், மன்னித்ததாகச் சொல்லவில்லை.

சில மாசம் கழித்து டத்தோ கிராமாட் ரோட்டில் ஒரு தமிழ்ப் பெண் மூச்சிரைக்க ஏறினாள். கையில் துணி மூட்டை. கூடவே பன்னிரண்டு வயது மகள். என் கழுத்தைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க வேதக்காரரா?" என்றாள். ஆமாம் என்றேன். புருஷன் செத்து மூன்று மாசம். கொழுந்தன் இந்தச் சின்னப் பெண்ணை ஐம்பது வயது ஆளுக்குக் கட்டிவைக்க வாக்குக் கொடுத்துவிட்டானாம். இன்றைக்கே தாலியாம். வண்டியின் பின்பக்கம் சீனர்களின் காய்கறிக் கூடைகள் அடுக்கியிருந்தன. அதற்குப் பின்னால் தரையில் இருவரையும் உட்காரச் சொன்னேன்.

அடுத்த நிறுத்தத்தில் சைக்கிளில் விரட்டி வந்த கொழுந்தன் படியில் தொற்றினான். "ஒரு பொம்பளையும் பிள்ளையும் ஏறினாங்களா?" என்றான். பத்துக் கட்டளையும் எனக்கு மனப்பாடம். "இல்லை" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. அவன் கூடைப் பக்கம் ஓரடி வைத்தான். நான் குறுக்கே நின்றேன். என் மார்பைப் பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான். "வேதக்காரரு. பொய் சொல்ல மாட்டீங்க" என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

மணியடித்து வண்டியைக் கிளப்பினேன். என் பேச்சை ஒருவன் சிலுவையைப் பார்த்து நம்பியது அதுதான் முதல் தடவை, அதுவும் பொய். அன்றைக்கே தாயையும் மகளையும் போதகர் வீட்டில் சேர்த்தேன். தாய்க்கு அங்கேயே சமையல் வேலை கிடைத்தது. மகள் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். ஆனால் அன்று, வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அந்தச் சின்னப் பெண் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். கண் நிறையப் பயம். "மாமா, எங்களுக்காகப் பொய் சொன்னீங்களே, உங்க சாமி உங்களை அடிக்குமா?"

அந்தச் சில வருஷத்தில் என் வண்டியில் ஏறி மதம் மாறியவர் ஒருவர்கூட இல்லை, என்னைத் தவிர.