போன் வழியே வந்த முகம்

2009-ஆம் வருடம், ஆனி மாதம். முதுகுளத்தூர் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான், மண்டபத்தில் சித்தி வீட்டில் தங்கி, ஒரு சின்ன பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலையில் ரோட்டோரம் பள்ளம் தோண்டியவர்கள் டெலிபோன் கேபிளை அறுத்துவிட்டார்கள். நெட் இல்லை. சரிசெய்ய இரண்டு நாளாகும் என்றார்கள். ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மணி பன்னிரண்டு இருக்கும். இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் இருந்த தாளில் ஒரு ஈமெயில் முகவரியும் பாஸ்வேர்டும்.

"நெட் இல்லம்மா, நாளன்னைக்கு வாங்க" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்.

"ஒரு மணிக்குள்ள பதில் சொல்லோணும் பிள்ளை" என்றார். போகவில்லை.

இலங்கையில் சண்டை ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவருடைய மகன் என்ன ஆனான் என்று தெரியவில்லை. சண்டைக்குப் பின் அங்கே ராணுவம் அடைத்து வைத்திருந்தவர்களில் ஒரு பையனின் படம், பெயர் இல்லாமல், வெளிநாட்டில் இருந்த அவருடைய தங்கை மகனுக்குக் கிடைத்திருக்கிறது. மெயிலில் அனுப்பிவிட்டு, "பெரியம்மா, இது அவன்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று போன் செய்திருக்கிறார். அன்று மதியம் ஒரு பாதிரியார் அந்த இடத்துக்குள் போகிறாராம். பெயர் தெரிந்தால் விசாரிப்பார். மறுபடி எப்போது உள்ளே விடுவார்களோ தெரியாது. ராமநாதபுரம் போய்ப் பார்க்க நேரம் போதாது.

ஆர்.சி. புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த மீன் வண்டி டிரைவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் போன்ல நெட் இருக்கு தங்கச்சி. வயரப் போட்டு கம்ப்யூட்டர்ல குத்துனா ஓடுமாம்ல?"

நான் அதுவரை செய்து பார்த்ததில்லை. அவரும்தான். பாட்டு ஏற்றுவதற்காக வண்டியிலேயே வைத்திருந்த வயரையும், போனோடு வந்த சிடியையும் ஓடிப்போய் எடுத்து வந்தார். சிடியைப் போட்டு ஏற்றினேன். கடைக்குள் டவர் கிடைக்கவில்லை. இருவருமாக மேசையோடு கம்ப்யூட்டரை வாசல்வரை நகர்த்தினோம். நிலையருகே ஸ்டூலில் ஏறி அவர் போனை உயரப் பிடித்துக்கொண்டார். நாலாவது தடவை கனெக்ஷன் வந்தது.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் தார்ப்பாய், பிறகு தலைமுடி. அதற்குள் டிரைவருக்குப் போன் வந்து கனெக்ஷன் அறுந்தது.

"ஏலே, சும்மா சும்மா கூப்புடாதடா. மீன்ல ஐஸ அள்ளிப் போடு, வாரேன்" என்று சொல்லி வைத்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இந்த முறை நெற்றி வந்தது, கண்கள் வந்தன. அந்த அம்மா திரையருகே குனிந்தார். முகம் முழுதும் வந்தபின்னும் முந்தானையால் திரையைத் துடைத்துப் பார்த்தார்.

"என்ர பிள்ளை இல்லை" என்றார், மெதுவாக.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டிரைவரும் ஸ்டூலிலிருந்து இறங்கப் போனார்.

"இறங்காதையுங்கோ தம்பி!" என்றார் அந்த அம்மா. "இவனை எனக்குத் தெரியும். முகாமில எங்கட வரிசையில கடைசி வீட்டுக்காரியின்ர மகன். அவள் இவனைச் செத்துப்போனான் எண்டு நினைச்சு, இவன்ர படத்தை வைச்சு அழுதுகொண்டு கிடக்கிறாள். எழுது பிள்ளை."

பெயரையும் ஊரையும் தந்தையின் பெயரையும் சொன்னார். தமிழ் எழுத்து வசதி இல்லாததால் ஆங்கில எழுத்தில் அடித்தேன். "தாய் மண்டபத்தில உயிரோட இருக்கிறா எண்டும் போடு" என்றார்.

"உங்க மகன் பேரையும் சேத்து அடிக்கவாம்மா?"

"அது பிறகு. லைன் அறுந்திடும். இது முதல்ல போகட்டும்."

அனுப்பினேன். மெயில் போய்விட்டது என்று திரையில் வந்த கொஞ்ச நேரத்தில் கனெக்ஷன் அறுந்தது. அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் அழுதார்.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா போடு தங்கச்சி. அவுக மகன் பேரையும் அனுப்பிருவோம். மீன் கெட்டா கெடட்டும்" என்றார். ஒரு மணிக்குச் சற்று முன்பாக அந்தப் பெயரும் போனது.

பத்து நாள் கழித்து அந்த அம்மா இன்னொரு பெண்ணோடு வந்தார். கடைசி வீட்டுக்காரி. அவருடைய மகனைப் பாதிரியார் நேரில் பார்த்துவிட்டாராம். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று மற்றவரிடம் கேட்டேன். இல்லையென்று தலையசைத்தார். அடுத்த வருடம் கல்யாணமாகி நான் மண்டபத்தை விட்டு வந்துவிட்டேன். அவருக்குத் தகவல் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கும் இப்போது ஒரு மகன் இருக்கிறான். அந்த வாசலில் அந்த அம்மாவின் இடத்தில் நான் நின்றிருந்தால் யாருடைய பெயரை முதலில் அடிக்கச் சொல்லியிருப்பேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன்; உண்மையான பதிலை வாய்விட்டுச் சொல்ல இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.