அகுவி வேலை பார்க்காத வாரம்

டோகோ நாட்டின் லோமே நகரில், கானா எல்லைச் சுவரை ஒட்டிய தெருவில், அகுவியின் மீன் அடுப்பு புகையாத நாளே கிடையாது. விடியுமுன் கடற்கரைக்குப் போய்ப் படகிலிருந்து மீன் வாங்குவாள். முற்றத்தில் கம்பித் தட்டுகளில் அடுக்கிப் புகைப்பாள். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பெரிய சந்தைக்கு நடப்பாள். அந்த வாசனை சுவரைத் தாண்டி கானாவுக்கும் போகும். அதனிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் தங்கை டெலாலி. அவளுக்கும் மீன் வியாபாரம்தான், வாய் மட்டும் அக்காவைவிட நீளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, ரேடியோ கேட்டியா? வேலை பாக்குற பொம்பளைங்க எங்க நாட்டுலதான் ஜாஸ்தியாம். அன்னைக்கும் நாங்கதான், இன்னைக்கும் நாங்கதான். டோகோவுல என்ன, எல்லாரும் கால நீட்டிப் படுத்துட்டீங்களா?"

கானா பெரிய நாடு, அங்கே தலைகளும் அதிகம். அதைச் சொன்னால் கேட்கிற ஆளா அகுவி? நேராகக் கணவர் மெசானிடம் போனாள். அவர் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏங்க, வேலை பாக்குறவங்களக் கணக்கெடுக்க வந்தவங்க என்னை எண்ணினாங்களா?"

"போன வருஷம் வந்தாங்க. நீ சந்தைக்குப் போயிருந்தே. வீட்டுக்காரி வேலைக்குப் போகல, சும்மாதான் இருக்கான்னு நான்தான் சொன்னேன்."

"சந்தைக்குப் போன நான் எப்படிங்க சும்மா இருந்தேன்?"

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தத் தெருவில் வேலை என்றால் மாதச் சம்பளம், மேசை, மின்விசிறி. மற்றதெல்லாம் 'சும்மா'. அகுவியே பல பேரிடம் அப்படிச் சொன்னவள்தான். ஆனால் கட்டியவர் வாயிலிருந்து அது வந்தபோது நெஞ்சில் தைத்தது. தன் நாட்டுக் கணக்கில் தானும் ஓர் ஆளாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு வீம்பு ஏறிவிட்டது.

"சரி. சும்மா இருக்கிறவ எப்படி இருப்பான்னு பாத்துக்குங்க" என்று முற்றத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

முன்பே சொல்லி வைத்த மீன் மறுநாள் வந்து இறங்கியது. அழுகவிட முடியுமா? மெசான் அடுப்பை மூட்டினார். மீசையின் ஒரு பக்கம் கருகியது. சந்தையில் பெண்கள் அவரைச் சுற்றி நின்று பேரம் பேசிச் சட்டையை மட்டும் விட்டுவைத்தார்கள். திரும்பி வந்து அக்குமே என்ற மக்காச்சோளக் களியைக் கிண்டினார். அது பாதி கல், பாதி கஞ்சி. அகுவி அதையும் பாயில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டாள். வாரம் முழுக்கப் பாயைவிட்டு எழவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை, இந்த வருஷக் கணக்கை எடுக்க வந்த பெண் எஸ்ஸி கதவைத் தட்டினாள். மெசான் கரிக்கையோடு ஓடினார்.

"எழுதும்மா! என் பொண்டாட்டி வேலை பாக்குறா. அவ பாக்குறது ஆம்பளையால முடியாது!"

"அவங்களே சொல்லட்டும் ஐயா" என்று எஸ்ஸி அகுவியிடம் திரும்பினாள். "அம்மா, போன ஏழு நாள்ல, இந்த நிமிஷம் வரைக்கும், காசு வர்ற மாதிரி ஏதாவது வேலை பாத்தீங்களா?"

அகுவி தெருவை எட்டிப் பார்த்தாள். அவள் பாயில் கிடந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. பொய் சொல்லவும் வராது.

"இல்ல."

"நீங்க ஐயா?"

மெசான் கைகளைப் பின்னால் மறைத்தார். அதற்குள் எஸ்ஸி அவரை உழைப்பாளி என்று எழுதிவிட்டாள்.

"அநியாயம்மா!" என்று அவர் கத்தினார். "இத்தனை வருஷமா இந்த வீட்டைத் தாங்கினவ அவ!"

அந்தச் சொல் காதில் விழுந்ததும் அகுவியின் கண் நிறைந்தது. முந்தானைபோல் தொங்கிய துணியால் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, எவ்வளவு நேரம் பாத்திருந்தா எண்ணுவீங்க?"

"அந்த ஏழு நாள்ல ஒரு மணி நேரம் போதும்மா."

அகுவி எழுந்தாள். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்து நடந்தாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணுக்கு நாற்காலி போடுங்க. உக்காரும்மா. பேனாவ மட்டும் மூடிடாத."